மைலேஜ் 9.5க்கு எறங்கிடுச்சு, பழைய பிக்கப்ப வித்துட்டு புதுசு எடுக்கலாமா?

கேள்வி: அண்ணே, நான் தண்டையார்பேட்டை. 2013 மாடல் பொலேரோ பிக்கப் சொந்தமா ஓட்டுறேன், லோன் முடிஞ்சிடுச்சு. விடிகாலைல காசிமேட்டுலேர்ந்து அம்பத்தூர், ஆவடி கடைங்களுக்கு மீன் லோடு, மதியத்துக்கு மேல பாரிஸ், மின்ட் பக்கம் கெடைக்கிற ஹார்டுவேர் லோடு. மாசம் 2,400 கிலோமீட்டர் ஓடும். முன்ன லிட்டருக்கு 13 குடுத்த வண்டி இப்ப 9.5 தான் குடுக்குது. மெக்கானிக் பம்ப், நாசில் வேலை பாக்கணும், 38,000 ஆகும்ங்கிறாரு. என் மச்சான் இத தள்ளிட்டு புதுசு எடு, எக்ஸ்சேஞ்சுல 2 லட்சம் தர்றாங்க, பாக்கி 8.5 லட்சம் லோன் போட்டுக்கலாம், புது வண்டி 14 குடுக்கும்ங்கிறான். இன்னொருத்தர் டீசல் பைப்புல மாட்டுற காந்தம் ஒண்ணு 3,500க்கு குடுக்கறேன்றாரு. கைல 15,000 தான் இருக்கு. எது சரி?

பதில்: தம்பி, மச்சான் சொல்றத மொதல்ல கணக்கு போட்டு பாத்துடலாம், பெரிய காசு அங்கதான் இருக்கு. டீசல் லிட்டர் 92 ரூபாய்னு வெச்சுக்கோங்க. 9.5 மைலேஜ்ல 2,400 கிலோமீட்டருக்கு மாசம் சுமார் 23,200 ரூபாய் டீசல். புது வண்டி நெஜமாவே 14 குடுத்தா 15,800. அப்ப மாசம் 7,400 மிச்சம், கேக்க நல்லாதான் இருக்கு. ஆனா 8.5 லட்சத்த 11 சதவீத வட்டியில 5 வருஷத்துக்கு போட்டா இ.எம்.ஐ. 18,500 கிட்ட வரும். 7,400 மிச்சம் புடிக்க 18,500 கட்டணும், அது போக அஞ்சு வருஷத்துல வட்டி மட்டும் ரெண்டரை லட்சத்துக்கு மேல போகும்.

இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. மச்சான் புது வண்டிய உங்க சீக்கு வண்டியோட ஒப்பிடுறாரு, சரி பண்ணின வண்டியோட ஒப்பிடணும். இந்த வயசுல அது திரும்ப 13 குடுக்கும்னு நான் சொல்ல மாட்டேன், 12 வந்தா போதும், டீசல் 18,400க்கு வந்துடும். இப்ப செலவாகறதுல 4,800 கொறையும். இந்த 12க்கும் புது வண்டியோட 14க்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் மாசம் 2,600 ரூபாய்தான். பழைய வண்டிக்கு ரிப்பேர் செலவு கூடத்தான் வரும், அதுக்குன்னு மாசம் 4,000 ஒதுக்கி வெச்சாலும் 18,500 பக்கத்துல கூட வரல.

அடுத்தது உங்களுக்கே தெரிஞ்சது, ஆனா கடன் குடுக்கறவர் பேப்பர்ல இருக்காது. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம். விசைப்படகு போகாது, உங்க விடிகாலை லோடு பாதியா கூட இருக்காது. ரெண்டு மாசம் இ.எம்.ஐ. 37,000 அந்த நேரத்துல எங்கேர்ந்து வரும்? அங்கதான் தண்டல்காரர் வருவாரு. 9,000 கைல குடுத்து தினம் 100 ரூபாயா 100 நாள் வாங்குற தண்டல வருஷ வட்டியா மாத்தி பாருங்க, 75 சதவீதத்துக்கு மேல போகுது. வடசென்னையில வண்டி சீஸ் ஆனவங்க கதைய கேட்டீங்கன்னா முக்காவாசி ஒரு இ.எம்.ஐ. கட்ட இன்னொரு கடன் வாங்கினதுலதான் ஆரம்பிச்சிருக்கும்.

புது வண்டின்னா டாக்ஸ்ல தேய்மானம் காட்டலாம்னு ஷோரூம்ல சொல்லுவாங்க. உங்கள மாதிரி ஒரு வண்டி வெச்சு வாடகைக்கு ஓட்டறவங்க உத்தேச வருமானக் கணக்குல போனா வண்டிக்கு மாசம் 7,500 வருமானம்னு காட்டினா போதும், அதுக்கு மேல தேய்மானம்னு தனியா கழிக்க முடியாது. வருஷத்துக்கு 90,000 தான ஆகுது, வேற வருமானம் இல்லன்னா வரியே வராது, அப்புறம் எதுல மிச்சம் பண்றது.

காந்தம் வேணாம். அமெரிக்காவோட சுற்றுச்சூழல் ஏஜென்சி இந்த மாதிரி மைலேஜ் கூட்டுற ஐட்டம் நூத்துக்கும் மேல பரிசோதிச்சு பாத்துட்டாங்க, சொல்லிக்கற மாதிரி மைலேஜ் ஏத்தினது ஒண்ணு கூட இல்ல. அந்த 3,500க்கு 38 லிட்டர் டீசல் வரும்.

இப்ப மெக்கானிக் சொன்ன 38,000. அவர் பொய் சொல்றாருன்னு நான் சொல்லல, ஆனா எஞ்சினுக்குள்ள டீசல பீச்சுற பம்ப், நாசில் வேலைங்கிறது கடைசியா கை வெக்க வேண்டிய எடம், அதுக்கு முன்னாடி கம்மி காசுல பாக்க வேண்டியது நெறைய இருக்கு. அதுக்கும் முன்னாடி 9.5ங்கறதே சரியான்னு பாருங்க. ஒரே பங்க், பங்க்ல அதே குழாய், டேங்க் ஃபுல் பண்ணி தானா கட் ஆனதும் நிறுத்திடணும், ஒரு வாரம் ஓட்டிட்டு திரும்ப அதே மாதிரி ஃபுல் பண்ணி ஓடின கிலோமீட்டர போட்ட லிட்டரால வகுக்கணும். 500க்கு போடு 1,000க்கு போடுன்னு போட்டுட்டு முள்ள பாத்து சொல்ற மைலேஜ் கணக்கே இல்ல. பங்க் மேல சந்தேகம்னா 5 லிட்டர் அளவு கேன்ல ஊத்தி காட்ட சொல்லுங்க, எல்லா பங்க்லயும் அது இருக்கணும், கேக்கறது உங்க உரிமை, 25 மில்லி வரைக்கும்தான் வித்தியாசம் இருக்கலாம்.

மீன் வண்டிக்குன்னே ஒரு வியாதி இருக்கு, பிரேக் புடிச்சிக்கறது. ஐஸ் உருகி உப்புத்தண்ணி தெனமும் பின் சக்கரத்து மேலயே ஒழுகுதுல்ல, டிரம்முக்குள்ள துரு ஏறி பிரேக் ஷூ முழுசா விடாது, நீங்க பிரேக்க மிதிக்காமலே வண்டி பிரேக்கோட ஓடிட்டு இருக்கும். ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டி எறங்கி நாலு சக்கரத்து கிட்டயும் கைய கொண்டு போய் பாருங்க, தொட வேணாம், ஒண்ணு மட்டும் அனலடிச்சா அதுதான் ஆளு. ஜாக்கி போட்டு தூக்கி கையால சுத்தினாலும் தெரிஞ்சிடும். கழட்டி க்ளீன் பண்ணி, தேஞ்சது மாத்தி, ஹேண்ட் பிரேக் கேபிளுக்கு க்ரீஸ் வெக்கற வேலைதான், ஆயிரக்கணக்குல முடியும், பத்தாயிரக்கணக்குல போகாது.

இன்னொண்ணு தெர்மோஸ்டாட், எஞ்சின் சூட்ட ஒரு அளவுல வெக்கற வால்வு. வெயில் காலத்துல வண்டி சூடாகுதுன்னு போனா நம்ம ஊர்ல அத கழட்டி தூக்கி போட்டுடுவாங்க, சூடு நின்னுடும், ஓனரும் சந்தோஷமா போயிடுவாரு. ஆனா எஞ்சின் சரியான சூட்டுக்கே வராம ஓடும், டீசல் கூட குடிக்கும். விடிகாலை மூணு மணிக்கு ஸ்டார்ட் பண்ணி ஓட்டுற உங்களுக்கு இது இன்னும் ஜாஸ்தி. அரைமணி நேரம் ஓடியும் டெம்பரேச்சர் முள்ளு அடியிலயே கெடந்தா கேளுங்க, அது உள்ள இருக்கா இல்லையான்னு.

ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் ரெண்டும் புதுசு போட்டுடுங்க. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு, மணலி பக்கம் கன்டெய்னர் லாரி பின்னாடியே ஓடுற வண்டிக்கு புக்ல போட்ட கிலோமீட்டர் வரைக்கும் ஃபில்டர் தாங்காது. மிதிச்சா கரும்பொகை வருது, இழுவை இல்லன்னா எஞ்சினுக்கு காத்த அழுத்தி குடுக்கற டர்போலேர்ந்து போற ரப்பர் ஹோஸ்ல கீறல் இருக்கான்னு பாக்க சொல்லுங்க, அந்த ஒரு ஹோஸுக்காக நாசில கழட்டினவங்க உண்டு. டயர் காத்து கதவு ஓரத்து ஸ்டிக்கர்ல இருக்கற அளவு, காலைல டயர் சூடாகறதுக்கு முன்னாடி, ஒரு பி.எஸ்.ஐ. (காத்தழுத்த அளவு) கொறைஞ்சா தோராயமா 0.2 சதவீதம் மைலேஜ் போகும், லோடு வண்டியில 15 கொறையறது சர்வ சாதாரணம்.

இவ்வளவும் உங்க கைல இருக்கற 15,000க்குள்ள அடங்கணும். இதெல்லாம் முடிச்சு திரும்ப ஒரு டேங்க் ஃபுல் கணக்கு போடுங்க. 11.5 தாண்டிடுச்சுன்னா 38,000 வேலைய தொடவே தொடாதீங்க, ஏன்னா அப்புறம் அரை கிலோமீட்டர் கூடினா மாசம் 800 தான் மிச்சம், போட்ட காச எடுக்க நாலு வருஷம் ஆகும். இன்னும் 10லயே நின்னா, நாசில மட்டும் கழட்டி பம்ப் கடையில டெஸ்ட் பண்ணி எது கெட்டிருக்கோ அத மட்டும் செய்ய சொல்லுங்க, ரிப்போர்ட் கைல வாங்கிக்கோங்க. அந்த வேலைய தடைக்காலத்துல வெச்சுக்கோங்க, வண்டி ரெண்டு நாள் ஷெட்ல நின்னாலும் லோடு கைய விட்டு போகாது. காசு பத்தலைன்னா பேங்க் நகைக்கடன், தண்டல் மட்டும் கூடாது.

ஓட்டுற விதத்துலயும் காசு இருக்கு. ஏலம் முடியற வரைக்கும் ஹார்பர்ல எஞ்சின ஓட விட்டுட்டு நிக்கிறீங்களா? மணிக்கு அரை லிட்டருக்கு மேல போகும், தெனம் ஒரு மணி நேரம்னா மாசம் 1,200 ரூபாய்க்கு குறையாது. 400 அடி ரோட்ல (அவுட்டர் ரிங் ரோடு) காலி வண்டிய 80ல பறக்க விடறத 60க்கு கொறைங்க, காத்து எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும். படபடன்னு அடிக்கற தார்ப்பாய இழுத்து கட்டுங்க.

மீன்பிடி போட்டுக்கு வரி இல்லாம குடுக்கற டீசல் வெளிய கம்மி வெலைக்கு கெடைக்குதுன்னு யாராவது சொன்னா அந்த பக்கமே போகாதீங்க, மாட்டினா வண்டியும் போகும், அதுல என்ன கலந்திருக்குன்னும் தெரியாது, பம்ப் போச்சுன்னா மிச்சம் புடிச்சதெல்லாம் அதுக்கே சரியா போயிடும். (மணலியில ரிஃபைனரிய வெச்சுக்கிட்டு ஊர்லயே இருக்கறவனுக்கு ஒரு ரூபாய் கூட கம்மி இல்லைங்கறது வேற வயித்தெரிச்சல்.)

மைலேஜ விட பெரிய ஓட்டை ஒண்ணு உங்க கேள்விலயே இருக்கு, நீங்க அத கேக்கல. ஆவடியில மீன எறக்கிட்டு காலியாதான திரும்பி வர்றீங்க? இன்னைக்கு உங்க வண்டி கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 9 ரூபாய் 70 காசு டீசல் குடிக்குது, 28 கிலோமீட்டர் காலியா வந்தா 270 ரூபாய் ரோட்ல ஊத்தறீங்க. அம்பத்தூர் எஸ்டேட்லேர்ந்து பாரிஸ், மணலி பக்கம் வர்ற லோடு வாரத்துக்கு மூணு நாள் புடிச்சாலே போதும், டீசல் காசு போக மேலயும் நிக்கும். மீன் வாடை அடிக்கற வண்டியில பிஸ்கட் பொட்டி ஏத்த மாட்டாங்கதான், இரும்பு பைப்பு, பிளாஸ்டிக் டிரம்முக்கு யாரும் மோந்து பாக்கறதில்ல, பாடிய கழுவி விட்டு போய் நாலு கம்பெனி வாட்ச்மேன் கிட்ட நம்பர் குடுத்துட்டு வாங்க. ஆனா ரிட்டர்ன் லோடுதானன்னு அளவுக்கு மேல ஏத்தாதீங்க, ஓவர்லோடுக்கு சட்டத்துல 20,000 ஃபைன், டன்னுக்கு 2,000 தனி.

ஒரே ஒரு விஷயம் இருந்தா மச்சான் பேச்ச கேக்கலாம். உப்புத்தண்ணி சேசிஸ, அதாவது வண்டியோட அடிச்சட்டத்த, தின்னிருந்தா. எஃப்.சி.க்கு (வண்டி தகுதிச் சான்று) போறதுக்கு முன்னாடி வண்டிய பிட்டுல ஏத்தி ஸ்க்ரூடிரைவரால தட்டி பாக்க சொல்லுங்க, உள்ள எறங்குச்சுன்னா எஞ்சினுக்கு ஒரு ரூபாய் கூட செலவு பண்ணாம எக்ஸ்சேஞ்சுல விட்டுடுங்க. சேசிஸ் நல்லா இருந்தா 2028 வரைக்கும் ஓட்டுங்க, 15 வருஷம் தாண்டினா எஃப்.சி. கட்டணம் ஏறிடும், அப்ப மாத்தலாம். அது வரைக்கும் டீசல்ல மிச்சமாகற 4,800ஐ பேங்க்ல ஆர்.டி. (மாசாமாசம் கட்டுற சேமிப்பு) போடுங்க, 24 மாசத்துல வட்டி இல்லாமலே 1,15,200 நிக்கும், தடைக்கால ரெண்டு மாசத்துக்கு தவணை கட்ட முடியாதுன்னா அத கணக்குல வெச்சு மாசத்தொகைய 4,000ஆ வெச்சுக்கோங்க.