காட்டெருமை மேல் பட்ட பந்து

கேள்வி: கொடைக்கானலில் கோல்ஃப் ஆடும்போது நான் அடித்த முதல் அடி, மேய்ந்துகொண்டிருந்த காட்டெருமை மேல் பட்டு, உருண்டு போய்க் குழியில் நட்டிருந்த கொடிக்கம்பத்துக்கும் குழி விளிம்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. இது ‘ஹோல் இன் ஒன்’ (ஒரே அடியில் பந்தைக் குழியில் போடுவது) இல்லை என்று நண்பர்கள் அடம்பிடிக்கிறார்கள்.
- வாசகர் ஒருவர், மதுரை

பதில்: எருமை உங்களைத் துரத்தாமல் விட்டதே, அதுதான் முதல் அதிர்ஷ்டம்! ஓடுகிற பந்து தற்செயலாக மிருகம், மரம், ஆள் எதன் மேல் பட்டாலும் அபராதம் கிடையாது, போய் நின்ற இடம்தான் கணக்கு. சரி, கம்பம்? பழைய விதிப்படி கம்பத்தில் சாய்ந்து நிற்கும் பந்து குழியில் விழுந்ததாகாது, கம்பத்தை எடுத்து, பந்து உள்ளே விழுந்தால்தான் உண்டு. 2019-இல் அதை மாற்றிவிட்டார்கள். கம்பத்தைத் தொட்டு நிற்கும் பந்தின் ஒரு சிறு பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இருந்தாலே போதும். உங்கள் பந்து அப்படித்தான் நின்றது என்றால் ஹோல் இன் ஒன்தான். (நின்றுவிட்ட பந்தைக் குரங்கு தூக்கிக் குழிக்குள் போட்டிருந்தால் செல்லாது, பழைய இடத்திலேயே வைத்து ஆட வேண்டும்.)

அப்புறம், ஹோல் இன் ஒன் அடித்தவர்தான் எல்லாருக்கும் வாங்கித் தர வேண்டும் என்பது இந்த ஆட்டத்தில் பழைய வழக்கம். உங்கள் நண்பர்களுக்கு அது தெரியாது போல. ஜிகர்தண்டாவுக்குக் காசு எடுத்து வையுங்கள்.