வீட்டுக் கணினியில் நிரல் எழுதக் கட்டண ஐடிஇ வாங்கலாமா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். வேலைக்காக அல்லாமல், வீட்டில் ஓய்வு நேரத்தில் நிரல் எழுதுகிறீர்கள். இதுவரை இலவச எடிட்டர் ஒன்றே போதுமாக இருந்தது. இப்போது புதிதாக ஒரு கட்டண ஐடிஇ, அதாவது நிரலை எழுதுவது, ஓட்டுவது, பிழை தேடுவது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்ய உதவும் மென்பொருள், கண்ணில் பட்டிருக்கிறது. வாங்கினால் பயன் இருக்குமா, பணம் வீணா என்று கேட்கிறீர்கள்.

இன்றே வாங்க வேண்டாம் என்பது என் பதில். அதற்காக, காசு கொடுத்து ஐடிஇ வாங்குவதே வீண் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நான் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். ஒன்று இன்றும் தினமும் உழைக்கிறது. மற்றொன்று நானே எழுதிய நிரலை எனக்கே எட்டாமல் செய்துவிட்டது. அதை முதலில் சொல்கிறேன். இந்த முடிவை நான் எடுக்கும் விதமே அதற்குப் பிறகுதான் மாறியது.

ஒரு சிறிய நூலகத்துக்கு இரவல் கணக்கு வைக்கும் நிரலை எழுதிக்கொடுத்தேன். அந்த ஐடிஇயில் பொத்தான்களையும் பெட்டிகளையும் இழுத்து வைத்தால் படிவம் தயாராகிவிடும். பொத்தானை இருமுறை தட்டினால் அதற்கான நிரலை எழுத வேண்டிய இடம் திறக்கும். மூன்று வாரத்தில் வேலை முடிந்தது, அத்தனை மகிழ்ச்சி எனக்கு. சில ஆண்டுகள் கழித்து, தாமதக் கட்டணத்தைக் கணக்கிடும் ஒரே ஒரு வரியை மாற்றச் சொன்னார்கள். பழைய கணினி பழுதாகியிருந்ததால் புதியதில் ஐடிஇயை நிறுவி உரிம எண்ணை இட்டேன். உரிமத்தைச் சரிபார்க்கும் ஆக்டிவேஷன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று திரையில் வந்தது. மறுநாளும் அதே செய்தி. விசாரித்தபோதுதான், தயாரித்த நிறுவனம் அந்த மென்பொருளைக் கைவிட்டுச் சர்வரையும் நிறுத்திவிட்டது தெரிந்தது. நிரல் வரிகள் சாதாரண எழுத்துக் கோப்புகளாக இருந்ததால் அவற்றைப் படிக்க முடிந்தது. படிவங்கள் அப்படியில்லை. நோட்பேடில் திறந்தால் சதுரங்களும் கேள்விக்குறிகளுமாக நின்றன. ஒரு வரியை மாற்றுவதற்காகப் பதினோரு படிவங்களை முதலிலிருந்து வரைந்தேன்.

அதனால் எந்த ஐடிஇயாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது, அதை விட்டு வெளியே வர வழி இருக்கிறதா என்பதைத்தான். சோதிப்பது எளிது. காசு கட்டாமல் ஓட்டிப் பார்க்க விடும் சோதனைக் காலத்தில் ஒரு சின்னத் திட்டத்தை உருவாக்குங்கள். ஐடிஇயை மூடிவிட்டு, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் அந்தக் கோப்புறைக்குப் போய், ஐடிஇயின் துணையில்லாமல் கம்பைல் செய்து (அதாவது நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றி) பாருங்கள். கம்பைல் செய்ய உதவும் சிமேக், கிரேடில், மேவன் போன்ற பொதுவான கருவிகளை நம்பி நிற்கும் திட்டம் என்றால் அது ஓடும். பிறகு அதே கோப்புறையை, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் சேர்த்துவிட்டு, ஐடிஇயில் ஒரு பொத்தானைச் சற்று இடம் மாற்றிச் சேமியுங்கள். என்ன மாறியது என்று கிட்டைக் கேட்டால் ஒன்றிரண்டு வரிகள் மட்டும் காட்ட வேண்டும். கோப்பு முழுவதுமே மாறியதாகக் காட்டினால், அல்லது பைனரி (மனிதர் படிக்க முடியாத கோப்பு) என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால், அந்த ஐடிஇ எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

ஒரு காலத்தில் காசு கொடுத்து வாங்குவதற்கு மறுக்க முடியாத காரணம் இருந்தது. 1983இல் போர்லாண்ட் நிறுவனம் பாஸ்கல் மொழிக்கான டர்போ பாஸ்கலை வெளியிட்டபோது, வீட்டுக் கணினியில் நிரல் எழுதுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. எடிட்டரில் எழுதி, சேமித்து, வெளியே வந்து, கம்பைலரை ஓட்டி, பிழைப் பட்டியலைக் குறித்துக்கொண்டு, மறுபடி எடிட்டரைத் திறக்க வேண்டும். பல கம்பைலர்களுக்கு நடுவில் பிளாப்பி வட்டை வேறு மாற்ற வேண்டும். டர்போ பாஸ்கல் எடிட்டரையும் கம்பைலரையும் ஒரே நிரலுக்குள் வைத்தது. நினைவகத்திலேயே கம்பைல் செய்து, பிழையான வரிக்கே கர்சரைக் கொண்டுபோய் நிறுத்தியது. இத்தனையும் 40 கிலோபைட்டுக்கும் குறைவான ஒரு கோப்புக்குள்! அன்று அதை வாங்கியவர்கள் வாங்கியது நேரத்தைத்தான்.

காசு கொடுத்து வாங்குவதற்கும் இலவசமானதற்கும் இடையே இருந்த அந்த இடைவெளி இன்று பெரும்பாலும் மூடிவிட்டது. 2016இல் மைக்ரோசாப்ட் ‘லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால்’ என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. ஒரு மொழியைப் புரிந்துகொள்ளும் நிரலைத் தனியாக எழுதிவிட்டால், எந்த எடிட்டரும் அதனோடு பேசிக்கொள்ளலாம் என்பது அதன் அடிப்படை. பெயரைப் பாதி தட்டும்போதே மீதியைக் காட்டுவது, ஒரு பங்ஷன் எழுதப்பட்ட இடத்துக்குத் தாவுவது, எழுதும்போதே பிழையை அடிக்கோடிடுவது ஆகியவை முன்பு பெரிய ஐடிஇகளின் பெருமையாக இருந்தன. இப்போது விஎஸ் கோடு, விம், ஈமாக்ஸ் என இலவச எடிட்டர்களிலும் கிடைக்கின்றன. ஆகவே விளம்பரத்தில் இவற்றைக் காட்டி விற்கும் ஐடிஇக்காகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

பிறகு நான் ஏன் இரண்டாவதாக ஒன்று வாங்கினேன்? மேலே சொன்ன நூலக நிரலைப் புதிதாக எழுதியபோது, தரவுத்தளத்தில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றினேன். இலவச எடிட்டர் அதே பெயருள்ள மாறிகளை எல்லாம் ஒரே சொடுக்கில் மாற்றிக் கொடுத்தது. ஆனால் மேற்கோள்குறிகளுக்குள் நான் எழுதியிருந்த, தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் எஸ்க்யூஎல் வாக்கியங்கள் அதன் கண்ணுக்கு வெறும் எழுத்துகள். அவற்றில் ஒன்றில் பழைய பெயர் அப்படியே தங்கிவிட்டது. ஆண்டு இறுதி அறிக்கையை எடுக்கும்போது மட்டுமே ஓடும் வாக்கியம் அது. அறிக்கை தேவைப்பட்ட நாளில்தான் உடைந்தது. பிறகு ஒரு கட்டண ஐடிஇயின் சோதனைப் பதிப்பில் அந்தப் பழைய கோப்பைத் திறந்து, தரவுத்தளத்தோடு இணைத்தேன். நான் எதையும் ஓட்டவில்லை. அந்த வாக்கியத்துக்குள் அந்தப் பெயர் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. அன்றே வாங்கினேன்.

இப்படி உங்களுக்கென்று ஒரு வலி இருந்தால், அது தீருகிறது என்பதை உங்கள் சொந்தக் கோப்பில் கண்ணால் பார்த்தால், வாங்குங்கள். வசதிப் பட்டியலைப் படித்துவிட்டு வாங்காதீர்கள்.

இலவசமாகவே கிடைப்பவற்றின் நிபந்தனைகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். மைக்ரோசாப்ட்டின் விஷுவல் ஸ்டுடியோ என்ற ஐடிஇயின் கம்யூனிட்டி பதிப்பு 2014 முதல் இருக்கிறது. தனிநபர்கள் அதில் எழுதிய நிரலை விற்கவும் செய்யலாம். பாஸ்கலுக்கான டெல்பி என்ற ஐடிஇயின் கம்யூனிட்டி பதிப்பு, வருமானம் 5,000 அமெரிக்க டாலரை எட்டும் வரைதான். ஐடிஇகளைத் தயாரிக்கும் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் 2024 அக்டோபரில் வெப்ஸ்டார்ம், ரைடர் என்ற தன் இரண்டு ஐடிஇகளையும் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு இலவசமாக்கியது. அப்போது, பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களைப் பெயர் குறிப்பிடாமல் சேகரிப்பதை நிறுத்த முடியாது என்பதும் நிபந்தனைகளில் ஒன்று. சிலருக்கு அது பொருட்டில்லை. எனக்குப் பொருட்டு.

சந்தா முறை என்றால், சந்தாவை நிறுத்தும் நாளில் கையில் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். ஜெட்பிரெயின்ஸ் 2015இல் சந்தாவுக்கு மாறியபோது பயனர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதனால்தான், 12 மாதம் தொடர்ந்து கட்டியவர்கள் ஒரு குறிப்பிட்ட பதிப்பை நிரந்தரமாகப் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடு வந்தது. சப்ளைம் டெக்ஸ்ட் என்ற எடிட்டரின் தனிநபர் உரிமத்தில் மூன்று ஆண்டு வரை புதிய பதிப்புகள் கிடைக்கும், அதன்பின் கடைசியாகப் பெற்றதை வைத்துக்கொள்ளலாம். எதுவுமே மிஞ்சாத சந்தாவை, வருமானம் தராத நிரலுக்காக நான் கட்ட மாட்டேன். இலவசமானதும் ஒருநாள் நிற்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிட்ஹப் தன் ஆட்டம் எடிட்டரை 2022 டிசம்பரில் நிறுத்தியது. ஆனால் அதன் மூலநிரல் திறந்து கிடந்ததால், பல்சர் என்ற பெயரில் வேறு சிலர் அதைத் தொடர்கிறார்கள். என் பழைய ஐடிஇக்கு அந்த வாய்ப்பே இல்லாமல் போனது.

கணினியையும் மறந்துவிடாதீர்கள். பெரிய ஐடிஇ ஒரு திட்டத்தை முதன்முறை திறக்கும்போது எல்லாக் கோப்புகளையும் படித்து அட்டவணைப்படுத்தும். அதுவரை விசிறி இரைந்துகொண்டே இருக்கும். 8 ஜிபி ரேமில் ஐடிஇ, பிரவுசர், கைபேசியைக் கணினியிலேயே போலச் செய்யும் எமுலேட்டர் மூன்றையும் திறந்து வைத்தால் எழுத்துகள் தட்டிய பிறகு தாமதமாகத்தான் திரைக்கு வரும். அந்த நிலையில் இருப்பவர் ஐடிஇக்கு ஒதுக்கிய பணத்தை ரேமுக்கோ எஸ்எஸ்டிக்கோ கொடுப்பதே நல்லது. அது எல்லா மென்பொருளுக்கும் உதவும்.

சோதனைக் காலத்தை இன்றே தொடங்கிவிடாதீர்கள். முதலில் இரண்டு வாரம், நிரல் எழுதும்போது எங்கெல்லாம் தடைப்பட்டு நிற்கிறீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். பிறகு நான்கைந்து நாள் சேர்ந்தாற்போல் நேரம் கிடைக்கும்போது தொடங்கி, உங்களிடம் இருப்பதிலேயே மிகப் பெரிய, மிகப் பழைய திட்டத்தை அதில் திறந்து, தாளில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள்.

எந்த மொழியில் எழுதுகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. பைதானோ ஜாவாஸ்கிரிப்ட்டோ என்றால் இப்போதிருக்கும் எடிட்டரே போதும். ஜாவா, கோட்லின் என்றால் இன்டெல்லிஜே ஐடியா என்ற ஐடிஇயில் இலவசமாகக் கிடைப்பதே வீட்டு வேலைக்கு ஏராளம். ஸ்விப்ட் என்றால் மேக்கில் எக்ஸ்கோடு என்ற ஐடிஇ இலவசம். பாஸ்கல் என்றால் டெல்பிக்கு முன்னால் லாசரஸ் என்ற இலவச ஐடிஇயை ஓட்டிப் பாருங்கள். அதில் படிவங்கள் படிக்கக்கூடிய எழுத்துக் கோப்புகளாகவே இருக்கும். தரவுத்தளத்தோடு ஓயாமல் மல்லுக்கட்டும் நிரல் என்றால் மட்டும், கட்டண ஐடிஇயின் சோதனைப் பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள்.