காருக்குள் எலி புகுந்து போன நாற்றத்தை எப்படிப் போக்குவது?

நீங்கள் ஊருக்குப் போயிருந்த இரண்டு வாரமும் வண்டி உறை போட்டு நின்றிருக்கிறது. திரும்பி வந்து ஏசி போட்டால் மூச்சு முட்டுகிறது. பெர்ஃப்யூம், கற்பூரம், அந்துருண்டை எல்லாம் வைத்தும் போகவில்லை என்கிறீர்கள். நான் திருச்சியில் கார் ஏசி பட்டறை வைத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் இதே புகாரோடு வண்டிகள் வரும். பக்கத்துக் காலிமனையில் வளைக்குள் தண்ணீர் ஏறியதும் எலிக்குக் காய்ந்த, கதகதப்பான இடம் வேண்டும். ஓட்டி வந்து அப்போதுதான் நிறுத்திய எஞ்சினைவிட வசதி அதற்கு வேறெங்கே?

முதல் வேலையாக அந்துருண்டையை வெளியே எடுத்துப் போடுங்கள். மூடிய காருக்குள் அதன் ஆவியைச் சுவாசிப்பது பெரியவர்களுக்கே நல்லதில்லை, குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது. பெர்ஃப்யூமும் வேண்டாம். மல்லிகை வாசனையோடு மூத்திர வாடை கலந்து வந்தால் குமட்டல்தான் கூடும். தவிர, நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று மோந்து பிடிக்க வேண்டியிருக்கும்போது மூக்கை நாமே மழுங்கடித்துவிடக் கூடாது.

அடுத்து, வந்து போனது யார் என்று பாருங்கள். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறை மாதிரி மூக்கில் சுரீரென்று ஏறினால் அது எலி அல்லது சுண்டெலியின் சிறுநீர். உள்ளே கூடு கட்டியிருக்க வாய்ப்பு உண்டு. இனிப்பும் அழுகலும் கலந்த கனமான வாடை, கண்ணாடியில் பச்சை ஈ மொய்க்கிறது என்றால் உள்ளே ஒன்று செத்துக் கிடக்கிறது. மூன்றாவது ஆளைப் பலர் நினைப்பதே இல்லை: மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை, பூச்சி தின்னும் பிராணி. விலாவில் இருக்கும் சுரப்பியிலிருந்து ஒரு கஸ்தூரி வீச்சம் அடிக்கும். வீட்டில் மூஞ்சூறு ஓடிப் பார்த்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். ஒயர் கடிபடவில்லை, பஞ்சு பிய்ந்து கிடக்கவில்லை, வீச்சம் மட்டும் இருக்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான். கால்மிதியை எடுத்துக் கழுவி, நான்கு கதவையும் திறந்து வெயிலில் போட்டாலே அது தணிந்துவிடும்.

சரி, எலிதான் என்று வைத்துக்கொள்வோம். ஏசி போட்டு ஒரு சோதனை செய்யலாம், ஜன்னலை இறக்கிவிட்டு. வெளிக்காற்றை எடுக்கும் நிலையில் மட்டும் நாறினால் கோளாறு கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடிக்குள். வெளிக்காற்று அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது, எலியும் பல வண்டிகளில் அந்த வழியாகத்தான் வருகிறது. உள்காற்றையே சுற்றவிடும் நிலையிலும் நாறினால் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர், காற்றை ஊதும் விசிறியான ப்ளோயர், காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயில் மூன்றில் ஒன்று. ஏசியே போடாமல், வெயிலில் நின்ற காரின் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தால் கார்பெட், சீட், கூரைத் துணி. தெரிந்துகொண்டதும் ஏசியை அணைத்துவிடுங்கள். சுத்தம் முடியும்வரை திரும்பப் போட வேண்டாம். புழுக்கைத் தூசியை உங்கள் முகத்தில்தான் ஊதிக்கொண்டிருக்கும்.

கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். எலிக் காய்ச்சல் கிருமி ஈரமான எலி மூத்திரத்தில் இருக்கும், கையில் சின்னக் கீறல் இருந்தாலே போதும் அதற்கு. காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்குவதோ வேக்குவம் போடுவதோ கூடாது. கிருமிநாசினி கலந்த தண்ணீரைத் தெளித்து நனைத்து, ஐந்து நிமிஷம் விட்டு, காகிதத்தால் வழித்தெடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள்.

கேபின் ஃபில்டர் பெரும்பாலான வண்டிகளில் இடப்பக்க டேஷ்போர்டில், க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். போன மழைக்காலத்தில் ஒரு தம்பி, "அண்ணே, கேஸ் லீக்கான்னு பாருங்க, தலை வலிக்குது" என்று வண்டியைக் கொண்டுவந்தார். ஃபில்டரை உருவினால் பாதி இல்லை. மீதிப் பாதியின் மேல் பானெட் பஞ்சு, டிஷ்யூ காகிதம், விபூதிப் பொட்டலத்தின் தாள் எல்லாவற்றையும் கொறித்து வட்டமாக ஒரு மெத்தை போட்டிருந்தது. நடுவில் வேர்க்கடலைத் தொலி. மடிப்புக்கு மடிப்பு அரிசி அளவில் புழுக்கை. அவர் பின்சீட்டில் கடலைப் பொட்டலம் வைப்பவர் என்பது கேட்காமலே தெரிந்துவிட்டது.

அப்படிப்பட்ட ஃபில்டரைக் கழுவிப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. சில நூறு ரூபாய்ச் சாமான், புதிதே போடுங்கள். விலை குறைந்த சில மாடல்களில் ஃபில்டரே இருக்காது, வெறும் மூடிதான். அதில் எலி நேராக ப்ளோயருக்குள் போய்விடும். ப்ளோயரைக் கழற்றி அதன் விசிறி இதழ்களையும் அது உட்காரும் பெட்டியையும் சோப்புத் தண்ணீரில் துடைக்க வேண்டும், மோட்டாரில் ஈரம் படக் கூடாது. கூலிங் காயிலுக்கு நுரையாக அடிக்கும் கிளீனர் கிடைக்கிறது. அடித்தால் அழுக்கெல்லாம் காருக்கு அடியில் ஏசி தண்ணீர் சொட்டும் குழாய் வழியாக வெளியேறும். குழாய் அடைத்திருந்தால் அந்த அழுக்கு உங்கள் கார்பெட்டுக்கு வந்துவிடும், அதனால் முதலில் அதைப் பாருங்கள். இந்த வேலை பழக்கமில்லை என்றால் பட்டறைக்கு விட்டுவிடுவது மேல். ஃபில்டரும் ப்ளோயரும் சுத்தமான பிறகும் ஏசியில் வாடை வந்தால்தான் டேஷ்போர்டை இறக்கச் சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பிலேயே இறக்கச் சொல்பவரிடம் கொடுக்காதீர்கள்.

துணியில் ஊறியதுதான் பெரிய தொல்லை. கார்பெட்டுக்கு அடியில் கெட்டியான பஞ்சு இருக்கிறது. மூத்திரம் அதில் இறங்கிக் காய்ந்துவிடும். மேலே ஷாம்பு போட்டால் நாலு நாள் நன்றாக இருக்கும், மழை பெய்து காற்றில் ஈரம் ஏறியதும் திரும்ப எழும். இதற்கு நாய், பூனை மூத்திரத்துக்கென்று விற்கும் என்ஸைம் திரவம்தான் சரி. அந்த என்ஸைம் கழிவைச் சிதைத்துத் தின்றுவிடும், ஆனால் அதற்கு நேரமும் ஈரமும் வேண்டும். தெளித்துத் துடைத்தால் பிரயோஜனம் இல்லை. பஞ்சுவரை நனையும்படி ஊற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, சில மணி நேரம் காயாமல் வைத்து, அப்புறம் உறிஞ்சி எடுத்து வெயிலில் காயவிடுங்கள். அதற்கு முன்னால் அதே இடத்தில் பினாயில், டெட்டால் ஊற்றக் கூடாது, என்ஸைம் வேலை செய்யாமல் போகலாம். புழுக்கையை எடுக்கத் தெளித்த கிருமிநாசினி அங்கே இருந்தால் வெறும் தண்ணீரால் துடைத்தெடுத்துவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலைத் துணியில் தொடவே தொடாதீர்கள். சாயம் போவது ஒரு பக்கம், மூத்திரத்தின் அமோனியாவோடு சேர்ந்தால் கண்ணையும் மூச்சையும் எரிக்கும் வாயு கிளம்பும். என்ஸைம் காய்ந்தபின் ஆப்ப சோடாவைத் தூவி ராத்திரி முழுக்க விட்டு வேக்குவம் போட்டால் மிச்ச வாடையை இழுத்துக்கொள்ளும். சோடாவையும் வினிகரையும் கலந்து பொங்கவிடும் வீடியோக்கள் பார்க்க அழகு, அவ்வளவுதான். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மிச்சம் ஒருவித உப்புத் தண்ணீர்தான்.

சீட்டைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர் அல்லது பிளக் தெரிந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரியைக் கழற்றாமல் அதில் கை வைக்காதீர்கள். அங்கே குனிந்திருக்கும்போதே சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள். பல் பட்டிருந்தால் தைக்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

செத்த எலி என்றால் அதை எடுக்காமல் எந்த மருந்தும் உதவாது. வைப்பர் மூடிக்குள், பேட்டரி தட்டுக்கு அடியில், எஞ்சின் கீழ்த் தகட்டின் மேல், ஸ்டெப்னி குழியில், சீட் தண்டவாளத்துக்குள் டார்ச் அடித்துத் தேடுங்கள். ஈ எங்கே உட்காருகிறது என்று பார்ப்பது நல்ல துப்பு. பானெட்டின் உள்பக்கப் பஞ்சில் ஊறியிருந்தால் பஞ்சையே மாற்றிவிடலாம். ஓசோன் வாயுவை விடும் மெஷின் வைத்து நாற்றத்தை எடுத்துத் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். கழிவு எல்லாம் போனபிறகு கடைசியாக ஒருமுறை அடிக்கலாம். அதற்கு முன்னால் அடித்தால் காசுக்குத்தான் கேடு. மெஷின் ஓடும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது, அப்புறம் கதவைத் திறந்து நன்றாகக் காற்றாட விட வேண்டும். அடிக்கடி அடித்தால் ரப்பரில் வெடிப்பு விழும்.

திரும்ப வராமல் இருக்க: காருக்குள் விஷம் வைக்காதீர்கள். தின்ற எலி தண்ணீர் தேடி வெளியே போய்ச் சாகும் என்பது கதை. ரத்தம் உறையாமல் செய்யும் எலி மருந்து கொல்வதற்குச் சில நாள் ஆகும், அதற்குள் அது எந்தச் சந்தில் படுத்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கூண்டை வண்டிக்கு வெளியே, சக்கரத்தின் பக்கத்தில் வையுங்கள். கருவாடோ மசால் வடையோ போதும். வைப்பர் அடியிலிருக்கும் காற்று வழிக்கு கால் அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள இரும்பு வலை அடிக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் வலையை அது ஒரே ராத்திரியில் கடித்துவிடும். நிறுத்துவதற்கு முன் ஏசியை உள்காற்று நிலைக்கு மாற்றினால் வெளிக்காற்றுக் கதவு மூடிக்கொள்ளும். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பானெட்டைக் கொஞ்சம் தூக்கி வைத்து, வாரத்துக்கு ஒருமுறை வண்டியை எடுக்கப் பக்கத்து வீட்டில் யாரிடமாவது சாவி கொடுங்கள். பானெட் திறந்து வெளிச்சமாக இருக்கும் இடம் எலிக்குப் பிடிக்காது.

புகையிலை கட்டலாமா என்று எப்படியும் கேட்பீர்கள். புதிதாக இருக்கும்வரை கொஞ்சம் பலன் இருக்கலாம், காய்ந்தபின் எலி அதன் மேலேயே ஏறிப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஆசைப்பட்டால் கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் சைலன்சர் குழாய்ப் பக்கம் கட்டாதீர்கள், காய்ந்த இலை தீப்பிடிக்கும்.