கோபித்துக்கொள்பவர்களைச் சித்திரக்காரர் ஏன் கேலியாக வரைந்தார்கள்?

பழைய ஓவியங்களிலும் கேலிச்சித்திரங்களிலும், ஒன்றைக் கண்டு மனம் புண்பட்டு முகம் சுளிப்பவர்கள் எப்போதும் அற்பர்களாகவே காட்டப்படுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குச் சித்திரம் படிப்பிப்பவள் என்ற முறையில் இந்தப் படங்களோடு எனக்கு நெடுநாட் பழக்கம் உண்டு. எப்போதும் அப்படி இல்லை என்பதே என் முதற் பதில். கேலிக்குரிய கோபக்காரர் என்ற உருவம் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பத்திரிகைகளில் தழைத்த ஒன்று. அது தழைத்ததற்குக் காரணம், கோபித்தால் ஓவியரைச் சிறைக்கு அனுப்பக்கூடியவர்களை வரைய முடியாமற் போனதும், கோபித்தாலும் ஒன்றும் செய்ய இயலாதவர்கள் வரைவதற்கு எஞ்சியிருந்ததுமே என்று நான் நம்புகிறேன்.

இதை விளங்கிக்கொள்ள ஒரு படத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 1864ஆம் ஆண்டு மே மாதம் பாரிஸின் 'லு ஷாரிவாரி' பத்திரிகையில் ஒனோரே தோமியே வரைந்த கல்லச்சுச் சித்திரம் அது. அரசு ஆதரவில் நடந்த சலோன் ஓவியக் கண்காட்சிக்கு இரண்டு நடுத்தர வர்க்கப் பெண்கள் வந்திருக்கிறார்கள். பின்னாலுள்ள சுவரில் உரோமரின் காதல் தேவதையான வீனஸ் முதலிய நிர்வாணத் தேவதைகளின் ஓவியங்கள் தொங்குகின்றன. முன்னால் நிற்கும் பெண்களோ தொப்பியும் கனத்த உடையுமாகக் கழுத்துவரை மூடிக்கொண்டு, அந்த ஓவியங்களுக்கு முதுகு காட்டி நடக்கிறார்கள். உதடுகள் இறுகியிருக்கின்றன. படத்தின் கீழே, "இந்த வருசமும் வீனஸ்தான், எப்பவும் வீனஸ்தான், ஏதோ இப்படியும் பெண்கள் இருக்கிறதுபோல!" என்ற கருத்துப்பட ஒரு வரி அச்சிடப்பட்டிருக்கிறது. பார்ப்பவர் முதலில் அந்த முகங்களைக் கண்டும், அந்த உடல்களுக்கும் சுவரிலுள்ள உடல்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கண்டும் சிரிக்கிறார். சிரிப்பு வரவேண்டும் என்றே தோமியே அவர்களை அவ்வாறு நிறுத்தியிருக்கிறார்.

இந்தப் படத்தை வகுப்பில் காட்டியபோது ஒரு மாணவி, "ரீச்சர், அந்தப் பெண்கள் சொன்னதில என்ன பிழை?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஏனெனில் அவர்கள் சொன்னதில் உண்மையில் பிழையே இல்லை. முந்தைய ஆண்டான 1863இன் சலோனில் கபனெல் என்ற ஓவியரின் 'வீனஸின் பிறப்பு' பெரும் புகழ் பெற்றது. பேரரசர் மூன்றாம் நெப்போலியனே அதை விலைகொடுத்து வாங்கினார். எலும்பும் தசையும் தெரியாமல் மெழுகை வார்த்ததுபோன்ற அந்த உடலைப் பார்த்து, "எந்தப் பெண் இப்படி இருக்கிறாள்?" என்று கேட்பது நல்லதொரு கலை விமரிசனம். அதே ஆண்டில் மனே என்ற ஓவியர் நிசமான பெண்ணொருத்தியை நிசமான உடலோடு வரைந்தபோது, தேர்வுக்குழு அந்த ஓவியத்தை நிராகரித்தது. நிராகரிக்கப்பட்டவர்களின் கண்காட்சியில் அதைக் கண்ட கூட்டம் சிரித்தது. ஆகவே தோமியேயின் பெண்கள் சொல்லும் வார்த்தையில் நியாயம் இருக்கிறது. அவர்களுடைய தோற்றத்தில் மட்டுமே நகைப்பு இருக்கிறது. தோமியே கைதேர்ந்த கலைஞர் என்பதால், தாம் கேலிசெய்தவர்களின் வாயிலேயே உண்மையையும் வைத்துவிட்டார் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் தோமியே ஏன் இந்தப் பெண்களை வரைந்துகொண்டிருந்தார்? அவருடைய இளமைக் காலத்துக் கேலி இத்தகையவர்களைக் குறிவைத்ததல்ல. 1831இல் அவர் லூயி பிலிப் மன்னரை, மக்களின் காசையெல்லாம் விழுங்கும் பெருந்தீனி அரக்கனாக வரைந்தார். அரியணையில் அமர்ந்திருக்கும் மன்னரின் வாய்க்குள் ஒரு சாய்பலகையின் வழியே ஏழைகளின் பணத்தைக் கூடைகூடையாகச் சுமந்து கொட்டுகிறார்கள். அதற்காக அவருக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவருக்கு முன்னரே, அவருடைய பத்திரிகாசிரியரான ஷார்ல் பிலிப்போன் நீதிமன்றத்தில் நின்றார். 1831ஆம் ஆண்டு நவம்பரில் நடந்த அந்த வழக்கில் பிலிப்போன் நான்கு படங்களை வரைந்து காட்டினார். முதற் படத்தில் மன்னரின் முகம். அடுத்ததிற் கன்னங்கள் சற்றுத் தொங்குகின்றன. அதற்கடுத்ததில் தலை மேலும் கூம்புகிறது. நான்காவதில் ஒரு பேரிக்காய். ஒன்றுக்கொன்று இவ்வளவு ஒத்திருக்கையில் எந்தப் படத்தில் குற்றம் தொடங்குகிறது, பேரிக்காயை வரைகிற எல்லோரையும் தண்டிப்பீர்களா என்பதே அவருடைய வாதம். வாதம் அவரைத் தண்டனையிலிருந்து காப்பாற்றவில்லை. எனினும் பாரிஸ் நகரச் சுவர்களெங்கும் பேரிக்காய்கள் முளைத்தன.

1834இல் பத்திரிகைக்கு எதிராக வந்த ஒரு தீர்ப்பைத் தன் பக்கத்தில் வெளியிட வேண்டிய கட்டாயம் 'லு ஷாரிவாரி'க்கு ஏற்பட்டபோது, அச்சுக்கோப்பவர்கள் அத் தீர்ப்பின் வரிகளை மேலே குறுகியும் கீழே அகன்றும் அடுக்கி, முழுத் தீர்ப்பையும் ஒரு பேரிக்காய் வடிவத்தில் அச்சிட்டார்கள். மனம் புண்பட்ட ஒருவரைச் சித்திரித்த படங்களுள் எனக்கு மிகச் சிறந்ததாகத் தோன்றுவது இதுவே. இதில் முகமில்லை, கோடில்லை, நீதிமன்றத்தின் சொற்கள் மட்டுமே இருக்கின்றன.

அடுத்த ஆண்டே எல்லாம் முடிந்துவிட்டது. 1835 யூலையில் மன்னரைக் கொல்ல நடந்த முயற்சியைக் காரணங்காட்டி, செப்ரெம்பரில் புதிய சட்டங்கள் கொண்டுவரப்பட்டன. எந்தச் சித்திரமும் முன் அனுமதியின்றி வெளிவரக்கூடாது என்றாயிற்று. எழுத்தைவிடச் சித்திரத்துக்கே அதிக அச்சம் இருந்தது, ஏனென்றால் வாசிக்கத் தெரியாதவரும் அதை வாசித்துவிடுவார். அதன்பின் தோமியேயின் பென்சில் மன்னரை விட்டு வழக்கறிஞர்களிடமும், வாடகை வீட்டுக்காரர்களிடமும், கண்காட்சிக்கு வரும் குடும்பத்தவர்களிடமும் திரும்பியது. 1848இன் புரட்சிக்குப்பின் கிடைத்தது போன்ற சிறு இடைவெளிகள் தவிர, படங்களுக்கான தணிக்கை 1881 வரை நீடித்தது. நான் மேலே விவரித்த 1864ஆம் ஆண்டுச் சித்திரம் அந்தத் தணிக்கைக்குள்ளேயே வெளிவந்தது. கபனெலின் வீனஸை வாங்கிய பேரரசரைக் கேலிசெய்ய இயலாத காலத்தில், அந்த வீனஸைக் கண்டு முகம் சுளித்த பெண்களைக் கேலிசெய்ய இயன்றது.

இதே வரிசையில் வருவதுதான், காம் என்ற புனைபெயரில் வரைந்தவர் 1877இல், ஒளியும் வண்ணமும் கண்ணிற் பதிந்தபடியே வரைந்த மனப்பதிவுவாத ஓவியர்களின் கண்காட்சி வாசலை வரைந்த படம். கர்ப்பிணிப் பெண்ணொருத்தி உள்ளே போக முனைய, காவலர் கையை நீட்டி, உள்ளே போவது உசிதமல்ல என்று தடுக்கிறார். அங்கே கேலி ஓவியர்கள் மீதா, அதிர்ச்சி அடைபவர்கள் மீதா என்று தெளிவாகச் சொல்ல இயலாது. அக்காலத்து வாசகர்கள் இருபாலும் சிரித்திருப்பார்கள்.

இங்கிலாந்தில் வேறு வழி இருந்தது. அங்கே கோபித்த அரசர் காசு கொடுத்தார்: நான்காம் ஜோர்ஜ் மன்னரை ஒழுக்கக்கேடான நிலைகளில் வரையாதிருப்பதாக உறுதியளித்து, ஜோர்ஜ் குருக்ஷாங்க் 1820இல் 100 பவுண் பெற்றுக்கொண்டார். கோபித்த ஓவியரையே கேலிசெய்த படமும் அங்கே உண்டு. தம் ஓவியத்தை இழித்து எழுதிய ரஸ்கின் மீது விஸ்லர் வழக்குத் தொடுத்து, 1878இல் நட்டஈடாக ஒரேயொரு பார்த்திங், அதாவது கால் பென்ஸ், பெற்றார். 'பஞ்ச்' இதழ் விஸ்லரை ஊதுகுழற் கால்களுள்ள பறவையாகவும், ரஸ்கினை ஒரு கிழட்டுப் பறவையாகவும் வரைந்து இருவரையும் ஒன்றாகச் சிரித்தது. வழக்குச் செலவு விஸ்லரை அடுத்த ஆண்டே கடனாளியாக்கி முறித்துவிட்டது என்பதை அந்தப் படம் அறியாது.

இன்னும் பழைய காலத்துக்குப் போனால், கோபித்தவரைத் தண்டிக்கும் படம் ஒன்று இருக்கிறது. மைக்கலாஞ்சலோ சிஸ்ரைன் சிற்றாலயத்தில் 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தை வரைந்துகொண்டிருந்தபோது, பாப்பரசரின் சடங்கு அதிகாரியான பியாஜோ டா செசெனா அங்குள்ள நிர்வாண உருவங்கள் புனித இடத்துக்குத் தகாதவை என்று முறையிட்டார் என்றும், மைக்கலாஞ்சலோ அவருடைய முகத்தை நரகத்தின் நீதிபதி மினோசுக்கு வைத்துக் கழுதைக் காதுகளையும் உடலைச் சுற்றிய பாம்பையும் கொடுத்துவிட்டார் என்றும், அக்காலத்து ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி சொல்லியிருக்கிறார். செசெனா அழுது முறையிட்டபோது, நரகத்தில் தமக்கு அதிகாரமில்லை என்று பாப்பரசர் கையை விரித்தாராம். அந்த ஓவியருக்குத் துணிவைக் கொடுத்தது பாப்பரசரின் ஆதரவு. மைக்கலாஞ்சலோ 1564இல் இறந்தார். அடுத்த ஆண்டே டானியேலே டா வொல்தெரா என்ற ஓவியரைக் கொண்டு அந்த உருவங்களுக்குத் துணி வரையப்பட்டது. கழுதைக் காதுகளோடு நின்ற செசெனாவின் முறைப்பாடு அப்போது நிறைவேறியது.

நம்மிடையே இது எப்படி இருந்தது என்பதையும் கேட்பீர்கள் என்று எண்ணுகிறேன். தொல்காப்பியம் வெகுளிக்கு நான்கு காரணங்களைச் சொல்கிறது: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. இவற்றில் 'அலை' என்பதற்குள் அடித்தலோடு வைதலையும் உரையாசிரியர் இளம்பூரணர் அடக்குகிறார். நகைக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் முதலாவது எள்ளல். சித்திரக்காரரின் எள்ளலும் பார்ப்பவரின் வெகுளியும் இவ்வாறு ஒரே இயலில் அருகருகே நிற்கின்றன. எது உயர்ந்தது என்று அந்நூல் தீர்ப்புச் சொல்லவில்லை.

நமது சமயக் கலையில் கோபித்துக்கொண்டவர் பெரும்பாலும் அற்பராக நிறுத்தப்படவில்லை. இங்கே அனேகமாக எந்த வீட்டுச் சுவாமியறையிலும் காணக்கூடிய பழநி முருகனின் படத்தை எண்ணிப் பாருங்கள். உலகைச் சுற்றிவந்த பிள்ளைக்குப் பழம் கிடைக்கவில்லை, அண்ணனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளை கோபித்துக்கொண்டு போய், எல்லா ஆபரணத்தையும் களைந்து, தண்டும் கோவணமுமாக மலையில் நின்றுவிட்டார். ஐரோப்பியப் பத்திரிகைக்காரர் கையில் அகப்பட்டிருந்தால், உதட்டைப் பிதுக்கிய ஒரு குழந்தையே மிஞ்சியிருக்கும். நம்மவர் அந்தக் கோபத்துக்கே கோயில் கட்டி, அந்தக் கோலத்தையே கும்பிடுகிறார்கள்.

இராவணனின் கோபம் இன்னும் சிக்கலானது. கைலைமலை தன் விமானத்தைத் தடுத்ததை அவமதிப்பாகக் கருதி, மலையைப் பெயர்க்க முயன்றவன் அவன். எட்டாம் நூற்றாண்டின் எல்லோராக் கைலாசநாதர் கோயிற் சிற்பத்தில் அவன் மலையின் அடியில் முதுகைக் கொடுத்து உந்துகிறான். மேலே உமை அஞ்சிச் சிவனைப் பற்றிக்கொள்கிறாள். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் அதே இராவணன் கைலாசவாகனமாக நிற்கிறான். நல்லூர்த் திருவிழாவிலும் அந்த வாகனத்துக்கு இடமுண்டு. நான் அருகில் நின்று பார்த்த வாகனங்களில் நடுமுகத்துக் கண்கள் வெளியே தள்ளியிருந்தன, மீசை மேல்நோக்கி முறுக்கியிருந்தது, கடைவாயிற் பல் தெரிந்தது. ஆயினும் இரண்டு கைகள் வீணையை ஏந்தியிருந்தன. கோபித்த கணத்தையும், நசுங்கி அழுது சாமகானம் பாடிய கணத்தையும் ஆசாரியார் ஒரே மரத்தில் செதுக்கிவிடுகிறார். திருநாவுக்கரசரும் பெரும்பாலான பதிகங்களின் கடைசிப் பாட்டில் அவனை நினைவுகூர்கிறார். அவனது செருக்கு கண்டிக்கப்படுகிறது, அவன் துரத்தப்படவில்லை. சுவாமியைச் சுமக்கும் பேறு அவனுக்கே கிடைத்திருக்கிறது. இந்த அளவுக்குப் பரிவோடு கோபக்காரரைக் காட்டிய படத்தை நான் ஐரோப்பிய அச்சுச் சித்திரங்களில் இதுவரை காணவில்லை.

நமது அச்சுச் சித்திரங்களுக்கு வந்தால், தோமியே சந்தித்ததையே நம்மவரும் சந்தித்தார்கள். 1987இல் சென்னையில் ஆனந்த விகடன் அட்டைப்படத்தில், மேடையிலிருக்கும் சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் திருடர்களைப்போல் காட்டிய நகைச்சுவை ஒன்று வெளிவந்தது. சட்டமன்றம் தன் மாண்பு குலைந்ததாகக் கருதி, ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எழுந்த கண்டனத்தால் அவர் சில நாட்களிலேயே விடுதலையானார். சாதாரண மனிதன் அட்டைப்படத்தைக் கண்டு கோபித்திருந்தால் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதியிருப்பான்.

இங்கே யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த 'சிரித்திரன்' இதழில் சுந்தர் என்ற சிவஞானசுந்தரம் வேறொரு வழியைக் கண்டார். சவாரித்தம்பர், சின்னக்குட்டி, மிஸிஸ் டாமோடிரன் ஆகிய அவருடைய பாத்திரங்கள் தனியொருவரை மட்டும் குறிவைத்தவை அல்ல. யாழ்ப்பாணத்துச் சிக்கனத்தையும் பகட்டையும் வீம்பையும் ஆளுக்கொரு பங்காகச் சுமந்தவை. அதனால், "இது நான்தான்" என்று கோபித்துக்கொண்டு வருகிறவர், தம்மிடம் அந்தக் குணம் இருப்பதைத் தாமே ஊருக்கு ஒப்புக்கொண்டவராகிவிடுவார். அந்த இதழின் பல பிரதிகளை 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். தோமியேயின் சலோன் படங்களையும் அவற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், மற்றவரைக் கோபக்காரராகக் காட்டும் ஓவியருக்கும் தன் ஊராரையே தன்னோடு சேர்த்து வரையும் ஓவியருக்கும் இடையே கோடு எவ்வளவு வேறுபடுகிறது என்பது உங்களுக்கே தெரியவரும்.