வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டேன், திரும்ப வாங்க முடியுமா? – வாசகர் கேள்வி, வழக்கறிஞர் பதில்

கேள்வி: எனக்கு 71 வயது. என் பெயரில் இருந்த வீட்டை மூன்று வருஷத்துக்கு முன் மகனுக்கு செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை அவர் பெயருக்கு மாற்றும் பத்திரம்) எழுதிக் கொடுத்தேன். கடைசி வரை பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். இப்போது என்னை மகள் வீட்டுக்குப் போகச் சொல்கிறான். பத்திரத்தை ரத்து செய்யலாம் என்று போனால், சார்பதிவாளர் அலுவலகத்தில் முடியாது என்கிறார்கள். – வாசகி, கும்பகோணம்

பதில்: அவர்கள் சொன்னது சரிதான் அம்மா. பதிவாகி, மகன் பெயருக்குப் பட்டாவும் மாறிய செட்டில்மெண்டை நீங்கள் மட்டும் போய் ரத்து செய்ய முடியாது. ஆனால் உங்களுக்கு வேறு வாசல் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. அதன் 23-ஆவது பிரிவு, 60 வயது தாண்டியவர் தன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம் என்கிறது.

சிக்கல் அந்த 'நிபந்தனை'யில்தான். நம் ஊர் பத்திர எழுத்தர்கள் 'அன்பினாலும் பாசத்தினாலும்' என்று ஒரு வரி எழுதுவார்கள், பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதவே மாட்டார்கள், எழுதச் சொன்னால் மகன் முகம் வாடிவிடுமே என்று அம்மாக்களும் வாய் திறப்பதில்லை. 2022-இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்ததைக் காட்டியே ஆக வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்றும், வீட்டைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்றும் சொன்னது. அதே வருஷம் நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த 'அன்பும் பாசமும்' வரிக்குள்ளேயே நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் பத்திரத்தில் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மனுவை உங்கள் கோட்டத்தின் சார் ஆட்சியர் அல்லது வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) கொடுங்கள், இந்தச் சட்டத்துக்குத் தீர்ப்பாயம் அதுதான். வக்கீல் வைக்கத் தேவையில்லை (நான் இதைச் சொன்னால் சக வக்கீல்களுக்குப் பிடிக்காது, இருக்கட்டும்). அதே மனுவில் மாதச் செலவுக்கும் கேளுங்கள், 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம். தீர்ப்பு எதிராக வந்தால் 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு. எங்கே ஆரம்பிப்பது என்று குழப்பமாக இருந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது. இதெல்லாம் முடிகிற வரை வீட்டை விட்டு மட்டும் வெளியே போய்விடாதீர்கள், 'நாலு நாள் அக்கா வீட்டில் இருந்துட்டு வாங்க' என்றாலும்கூட.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: குடும்பத்துக்குள் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 என்பதால் பிள்ளைகள் அவசரப்படுத்துவார்கள். உயில் எழுதினால் உங்கள் ஆயுசு வரை வீடு உங்களுடையது, மனசு மாறினால் வேறு உயில் எழுதலாம். செட்டில்மெண்ட்தான் என்று பிடிவாதம் பிடித்தால், உங்கள் ஆயுள் வரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உரிமை உங்களுக்கே என்று பத்திரத்தில் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாயால் சொன்ன வாக்கை ஆர்.டி.ஓ. ஆபீஸில் நிரூபிப்பது லேசில்லை.

கேள்வி: அப்பா வெள்ளைத் தாளில் உயில் எழுதி வைத்திருக்கிறார், பதிவு செய்யவில்லை. செல்லுமா? வீடு சென்னையில் இருப்பதால் புரொபேட் (உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்று) வாங்கியே ஆக வேண்டுமாமே? – வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: செல்லும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. அப்பா கையெழுத்துப் போட்டதைப் பார்த்த இரண்டு சாட்சிகள், அவர் முன்னால் கையெழுத்திட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். புரொபேட் விஷயத்தில் நீங்கள் கேள்விப்பட்டது பழைய கதை. சென்னை, மும்பை, கொல்கத்தா சொத்துகளுக்கு அதைக் கட்டாயமாக்கிய இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆவது பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. ஆனாலும் கூடப் பிறந்தவர்கள் யாராவது தகராறு செய்வார்கள் என்று தோன்றினால் புரொபேட் வாங்குவதே நல்லது.

நான் பயப்படுவது சாட்சிகளைப் பற்றித்தான். அப்பாவுடன் வாக்கிங் போகிற 80 வயது நண்பர்கள் இருவர் போட்டிருப்பார்கள். நாளைக்கு கோர்ட்டில் உயிலை நிரூபிக்க, உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். அப்பா தெளிவாக இருக்கும்போதே, சொத்தில் பங்கில்லாத, அவரைவிட இளையவர்கள் இருவரைச் சாட்சியாக வைத்து மறுபடி எழுதி, அப்படியே பதிவும் செய்துவிடுங்கள்.

கேள்வி: இறந்த கணவரின் வங்கி டெபாசிட்டுக்கு அவர் தம்பிதான் நாமினி. பணம் அவருக்கே போய்விடுமா? – வாசகி, திருப்பூர்

பதில்: வங்கி அவரிடம் கொடுக்கும், ஆனால் பணம் வாரிசுகளுடையது. உயில் இல்லையென்றால், இந்துக் குடும்பத்தில் மனைவி, பிள்ளைகள், அப்புறம் இறந்தவரின் அம்மா, எல்லோருக்கும் சம பங்கு. மாமியாரை மறந்துவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: அம்மாவுக்கு மறதி நோய். எங்களையே சில நாள் அடையாளம் தெரிவதில்லை. வைத்தியச் செலவுக்காக அவர் பெயரில் இருக்கும் மனையை விற்க, பவர் (அவர் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம்) எழுதி வாங்கலாமா? – வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். என்ன எழுதுகிறோம் என்று புரியாத நிலையில் வாங்கும் பவர் செல்லாது, முன்பே நல்ல நிலையில் கொடுத்த பவர்கூட அவர் அந்த நிலைக்குப் போனதும் முடிந்துவிடும் என்பதுதான் நம் நாட்டுச் சட்டம். இதற்கென்று நேரடியான சட்டம் இல்லாததால், குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தில் மனு போட்டுத் தங்களைக் காப்பாளராக நியமிக்கக் கேட்கின்றன, கோமாவில் இருப்பவர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி நியமித்திருக்கிறது. உங்கள் ஊரிலேயே மதுரைக் கிளை இருக்கிறது. மருத்துவ அறிக்கைகள், அம்மாவின் செலவுக் கணக்கு, கூடப் பிறந்தவர்களின் சம்மதக் கடிதம் மூன்றையும் தயார் செய்துகொண்டு வக்கீலைப் பாருங்கள். கூடப் பிறந்தவர்களைக் கேட்காமல் தனியாகப் போனால் முதல் எதிர்மனுவே அவர்களிடமிருந்துதான் வரும்.