கேளுங்கள், சொல்கிறேன்: சாம்பாரில் கலக்கும் பொடி

கே: என் கணவர் கைத்தறி நெசவாளர். தினமும் குடிக்கிறார். அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுத்தால் குடியையே மறந்துவிடுவார் என்று ஒரு பொடி விற்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, அம்மாபேட்டை

ப: வேண்டாம் அம்மா. பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும். ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அதனால்தான் மருத்துவர்கள் விவரம் சொல்லி, சம்மதம் வாங்கியே அதைக் கொடுக்கிறார்கள். அப்படி ஏதாவது உங்கள் பொடியில் இருந்துவிட்டால், சாம்பார் ஊற்றிய கை உங்களுடையது.

சத்தியம் வாங்கிப் பூட்டி வைக்கவும் வேண்டாம். என் அண்ணனைக் கோட்டை மாரியம்மன் சன்னதியில் கற்பூரம் அணைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கி, அறைக்குள் அடைத்தோம். முதல் நாள் கை நடுக்கம். மறுநாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் வலிப்பு. அம்மன் மேல் குற்றமில்லை. நெடுநாள் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இப்படியும் ஆகும் என்று விசாரிக்காத எங்கள் மேல்தான்.

காலையில் தறியில் உட்காரும்போது அவருக்குக் கை நடுங்குகிறதா, ஒரு மடக்கு உள்ளே போன பிறகுதான் அடங்குகிறதா? அப்படியென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்த்து முறைப்பார். முறைக்கட்டும்.

கே: மதுவிலக்கு முதலில் நம் சேலத்தில்தான் வந்ததாமே?
– வாசகர், ஆத்தூர்

ப: ஆமாம், 1937 அக்டோபர் 1 அன்று. அப்போது சென்னை மாகாணப் பிரதமர் ராஜாஜி. இங்கே வக்கீல் தொழில் செய்து, நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையம் ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகையும் நடத்தியவர். கள்ளுக்கடை மூடிய பிறகுதான் என் பாட்டியின் மூக்குத்தி அடகுக் கடையிலிருந்து வீடு திரும்பியது. அரசுக்கு வருமானம் குறைந்தது. 1939இல் விற்பனை வரி வந்தது. வரியைத் திட்டுகிறவர்கள் மூக்குத்தியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கே: ஏற்காட்டுக் குளிருக்குக் கொஞ்சம் பிராந்தி நல்லதுதானே?
– வாசகர், சூரமங்கலம்

ப: தோலுக்கு ரத்தம் பாய்வதால் சூடேறியது போலத் தோன்றும், உண்மையில் உள்சூடு வெளியேறுகிறது. அந்த மலையிலேயே மிளகு விளைகிறது, ரசம் வைத்துக் குடியுங்கள். திரும்பும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டப்போவதும் நீங்கள்தானே?