ஃபிலிம் பஞ்சத்தால்தான் மொன்டாஜ் பிறந்ததா?

கேள்வி: நான் காட்சித் தொடர்பியல் மாணவி. எங்கள் கல்லூரி ஃபிலிம் சொசைட்டியில் ரஷ்யப் புரட்சியையும் மொன்டாஜையும் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும். 'புரட்சிக்குப் பிறகு ஃபிலிம் கிடைக்கவில்லை, அதனால்தான் துண்டுகளை ஒட்டிப் படமெடுக்கும் மொன்டாஜ் முறை வந்தது' என்று பலரும் சொல்கிறார்கள். இதை நம்பிப் பேசலாமா? முதலாண்டு மாணவர்களுக்கும் புரியும்படி எந்தப் பகுதிகளைத் திரையிடலாம்?

பதில்: அந்த வாக்கியத்தை அப்படியே மேடையில் சொல்லிவிடாதீர்கள். பஞ்சம் இருந்தது உண்மை. ரஷ்யா கச்சா ஃபிலிமை வெளிநாடுகளிலிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தது. உலகப் போர் அந்த வரத்தைக் குறைத்தது, உள்நாட்டுப் போரும் முற்றுகையும் ஏறக்குறைய நிறுத்தியே விட்டன. இருந்த ஃபிலிமையும் கேமராக்களையும் எடுத்துக்கொண்டு தயாரிப்பாளர்கள் பலர் யால்டாவுக்கும் ஒடெசாவுக்கும் போய், அங்கிருந்து பாரிசுக்கும் பெர்லினுக்கும் கப்பலேறினார்கள். 1919 ஆகஸ்ட் 27 அன்று திரைத்துறையை அரசுடைமையாக்கும் ஆணையில் லெனின் கையெழுத்திட்டபோது, அரசின் கைக்கு வந்தது பெரும்பாலும் காலிக் கிடங்குதான். அதே ஆண்டு மாஸ்கோவில் தொடங்கிய திரைப்படப் பள்ளியில் இயக்குநரும் ஆசிரியருமான லெவ் குலெஷோவின் மாணவர்கள், ஷாட் ஷாட்டாகப் பிரித்த காட்சிகளை மேடையில் நடித்துக் காட்டிப் பயின்றார்கள். 'ஃபிலிம் இல்லாத படங்கள்' என்றே அவற்றுக்குப் பெயர்.

ஆனால் மொன்டாஜுக்குப் பெயர்பெற்ற படங்களின் ஆண்டுகளைக் கவனியுங்கள். செர்கேய் ஐசன்ஸ்டீனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' 1925. புதோவ்கினின் 'தாய்' 1926. ஜிகா வெர்தோவின் 'மூவி கேமராவுடன் மனிதன்' 1929. தனியார் வணிகத்தை ஓரளவு அனுமதித்த புதிய பொருளாதாரக் கொள்கை 1921இல் வந்து வெளிநாட்டு வணிகம் மீண்டும் தொடங்கிய பின், ஃபிலிம் ஓரளவு தாராளமாகக் கிடைத்த காலம் அது. பஞ்சம் மட்டுமே காரணம் என்றால், பஞ்சம் தீர்ந்ததும் மொன்டாஜும் மறைந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. அப்போதுதான் அது தழைத்தது. பஞ்சம் செய்த வேலை வேறு: படமெடுக்க வழியில்லாத இளைஞர்களை, பிறர் எடுத்த படங்களுக்கு முன்னால் ஆண்டுக்கணக்கில் உட்கார வைத்தது. உங்கள் பேச்சின் நடுநாயகமாக இதை வையுங்கள்.

அன்றைய சோவியத் அரங்குகளில் ஓடியவற்றில் பெரும்பகுதி வெளிநாட்டுப் படங்களும் புரட்சிக்கு முந்தைய படங்களும்தான். அவற்றைப் புதிய ஆட்சிக்கு ஏற்றபடி திருத்த ஆட்கள் நியமிக்கப்பட்டார்கள். மௌனப் படங்களில் வசனத்தைக் காட்டும் எழுத்து அட்டைகளை மாற்றுவது, காட்சிகளை முன்பின்னாக ஒட்டுவது, தேவையானால் கதையின் முடிவையே திருப்புவது என்று மறுதொகுப்பு ஒரு முழுநேர வேலையாக இருந்தது. அந்த மேசையில் தேர்ந்தவர் எஸ்ஃபிர் ஷூப் என்ற பெண்மணி. ஃபிரிட்ஸ் லாங்கின் 'டாக்டர் மபூசே' படத்தை அவர் 1924இல் மறுதொகுப்புச் செய்தபோது கூட உட்கார்ந்து பழகியவர் செர்கேய் ஐசன்ஸ்டீன். ஐசன்ஸ்டீனின் முதல் முழுநீளப் படமான 'வேலைநிறுத்தம்' படப்பிடிப்பு தொடங்கியதும் அதே ஆண்டுதான்.

நான் பாசிட்டிவை, அதாவது ஃபிலிம் பிரதியை, கையால் வெட்டி ஒட்டிய காலத்தில் எடிட்டிங் கற்றவன். நான்கு அடி நீளமுள்ள ஒரு துண்டு, திரையில் மூன்று வினாடிகூட வராது. அதில் ஒரு பெண் சும்மா திரும்பிப் பார்க்கிறாள். அதை அழுகைக் காட்சிக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கல்யாணக் காட்சிக்குப் பின்னால் ஒட்டிய நாளில், அந்த முகத்தில் அதுவரை இல்லாத பொறாமை ஒன்று தெரிந்தது. நடிகை எதையும் மாற்றவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. மறுதொகுப்பு மேசையில் இருந்தவர்களுக்கு இது அன்றாடம் நேர்ந்திருக்கும். பொருள் துண்டுக்குள் இல்லை, இரண்டு துண்டுகள் சேரும் ஒட்டில் இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவைப்பட்டிருக்காது.

குலெஷோவின் புகழ்பெற்ற சோதனையும் பழைய ஃபிலிமில் செய்ததே. புரட்சிக்கு முந்தைய நட்சத்திரமான இவான் மொஸ்ஜூகின் 1920இல் நாட்டை விட்டுப் போய்விட்டார், அவருடைய முகம் பெட்டிகளில் தங்கிவிட்டது. உணர்ச்சி காட்டாத அந்த முகத்தின் ஒரே துண்டை சூப் கிண்ணம், சவப்பெட்டியில் ஒரு பெண், பொம்மையோடு விளையாடும் சிறுமி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வைத்தபோது, ஆழ்ந்த யோசனையையும் துக்கத்தையும் மகிழ்ச்சியையும் அவர் அருமையாக நடித்ததாகப் பார்த்தவர்கள் வியந்தார்கள் என்று புதோவ்கின் எழுதியிருக்கிறார். இங்கே ஓர் எச்சரிக்கை. மூலச் சோதனையின் ஃபிலிம் இன்று இல்லை. இணையத்தில் அதன் பெயரில் உலவுபவை பிற்காலத்தில் செய்தவை, அவற்றை மூலம் என்று சொல்லித் திரையிடாதீர்கள்.

அதைவிட, உங்கள் தோழி ஒருத்தியின் முகத்தைக் கைபேசியில் எடுங்கள். 'நடி' என்று சொல்லாதீர்கள், எதிரில் உள்ள சுவரைப் பார்க்கச் சொன்னால் போதும். ஆவி பறக்கும் இட்லித் தட்டு, மாலை போட்ட ஒரு புகைப்படம், தவழும் குழந்தை என்று மூன்றோடு தனித்தனியாக ஒட்டுங்கள். மூன்றையும் ஒரே கூட்டத்துக்குக் காட்டினால் சூத்திரம் உடனே தெரிந்துவிடும். மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒன்று என்று காட்டிவிட்டு, அவள் என்ன நினைக்கிறாள் என்று எழுதி வாங்குங்கள். பத்து நிமிடத்தில் முடியும் வேலை. உங்கள் பேச்சை இதிலிருந்தே தொடங்கலாம்.

அடுத்துப் 'பொட்டெம்கின்' படத்தின் சிங்கங்கள். எல்லோரும் நேரே, ஜார் படையினர் மக்களைச் சுடும் ஒடெசாப் படிக்கட்டுக் காட்சிக்குப் போவார்கள். நான் சிங்கங்களைத்தான் முதலில் காட்டுவேன். படிக்கட்டுப் படுகொலைக்குப் பதிலடியாகக் கப்பலின் பீரங்கி முழங்குகிறது. உடனே மூன்று ஷாட்: உறங்கும் கற்சிங்கம், தலை தூக்கிய சிங்கம், எழுந்துவிட்ட சிங்கம். கண்ணுக்கு ஒரே சிங்கம் துள்ளி எழுந்தது போல இருக்கும். உண்மையில் அவை கிரிமியாவில் அலுப்கா என்னும் ஊரின் வொரொன்ட்சோவ் அரண்மனையில் தனித்தனியாகச் செதுக்கி வைத்த மூன்று பளிங்குச் சிலைகள். ஒடெசாவில் வெடித்த குண்டுக்குக் கருங்கடலின் வேறொரு கரையில் கல் விழித்துக்கொள்கிறது. முதலில் சாதாரண வேகத்திலும், பிறகு ஒவ்வொரு ஷாட்டாக நிறுத்தியும் காட்டுங்கள். ஒட்டில் உயிர் பிறப்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியாது.

மூன்றாவது, ஷூப் 1927இல் தொகுத்த 'ரொமானோவ் வம்சத்தின் வீழ்ச்சி'. பாடப்புத்தகங்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்குத் தீராத வருத்தம். ஜார் குடும்பத்தினருக்காக எடுத்தவை உட்பட சுமார் 60,000 மீட்டர் பழைய ஃபிலிமை அவர் பார்த்தார். அதில் ஒரு கப்பல் தளத்தில் சீமான்களும் சீமாட்டிகளும் நடனமாடி வியர்வையைத் துடைத்துக்கொள்கிறார்கள். அடுத்த துண்டில் விவசாயிகள் மண் வெட்டி வியர்க்கிறார்கள். இரண்டையும் எடுத்தவர்களுக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லை. அந்த வியர்வைகளைச் சேர்த்து வைத்தவர் ஷூப். நேரமிருந்தால், 'மூவி கேமராவுடன் மனிதன்' படத்தில் அதன் எடிட்டர் எலிசவெதா ஸ்விலோவா எடிட்டிங் மேசையில் இருக்கும் பகுதியையும் சேருங்கள். ஃபிலிம் சட்டத்துக்குள் உறைந்திருக்கும் குழந்தை முகம், அவர் கைபட்டு அசையத் தொடங்கும்.

படிக்கட்டுக் காட்சியைக் கடைசியில், இசையை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். இசை ஓடினால் ஒட்டுகளின் தாளம் காதில் விழாது. படையினர் இறங்கி வர உண்மையில் ஆகும் நேரத்தைவிடத் திரையில் எவ்வளவு கூடுதலாக ஆகிறது என்று மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். 1905இல் ஒடெசாவில் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்பது வரலாறு. அந்தப் படிக்கட்டில் அந்த வடிவில் நடந்ததாகக் காட்டியது படத்தின் கற்பனை. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

'பொட்டெம்கின்' படத்தின் எந்தப் பிரதியைக் காட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். மறுதொகுப்பில் பழகிய ஐசன்ஸ்டீனின் படத்தையே பிறர் மறுதொகுப்புச் செய்தார்கள். ஜெர்மானியத் தணிக்கை சில ஷாட்டுகளை வெட்டியது. சோவியத் நாட்டிலோ படத்தின் தொடக்கத்தில் இருந்த, பின்னாளில் ஸ்டாலினால் விரட்டப்பட்ட புரட்சித் தலைவர் டிராட்ஸ்கியின் வரிகளை எடுத்துவிட்டு லெனினின் வரிகளை வைத்தார்கள். 2005இல் வெளிவந்த சீரமைப்பில் இவை மூலத்துக்குத் திருப்பப்பட்டிருக்கின்றன. திரையிடும் முன் முதல் எழுத்து அட்டையை ஓட்டிப் பாருங்கள். அங்கே லெனின் இருந்தால், உங்களிடம் இருப்பது பழைய பிரதி.